'கேஸ் போட்டா சரியாயிடும்!' – பழைய கார் ஏ.சி.யும் கத்திரி வெயில் செலவும்

கத்திரி வெயில் கொளுத்தும் மே மாத மதியம். வந்தவாசியிலிருந்து ஆரணி போகும் சாலையோரம் ஒரு ஒர்க்‌ஷாப். புங்க மரத்து நிழலில் பானட்டைத் திறந்தபடி நிற்கிறது, பதினைந்து வயதைக் கடந்த ஒரு வெள்ளைக் கார். பின்சீட்டில் ஸ்கேன் ரிப்போர்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி, முந்தானையால் முகத்தை விசிறிக்கொள்கிறார். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய கார் அது. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் ஏ.சி. அனலை ஊத ஆரம்பித்துவிட்டது.

"காத்து வருதுணா, ஜில்லுன்னு வரல. போன சித்திரையிலதான் கேஸ் போட்டேன்."

"வருஷம் ஆச்சுல்ல, தீர்ந்திருக்கும். போட்டா சரியாயிடும்."

இருபது நிமிடத்தில் வேலை முடிகிறது. சிலிண்டர் குழாயை மாட்டுகிறார்கள், மீட்டரில் முள் ஏறுகிறது, ஜன்னல் வழியே கையை நீட்டிப் பார்த்தால் ஜில்லென்று வருகிறது. பணத்தைக் கொடுத்துவிட்டுக் கார் கிளம்புகிறது. அடுத்த கோடையில், பல நேரம் அடுத்த மாதமே, அது திரும்பவும் இதே மரத்தடிக்கு வரும்.

சித்திரை, வைகாசியில் வட மாவட்டங்களின் எந்தச் சாலையிலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடும் இடமெல்லாம் இந்தப் பேச்சுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் நன்றாக ஓடுகிறது, ஏ.சி. மட்டும் படுத்துகிறது; வருடா வருடம் கேஸுக்கே பணம் போகிறது என்கிறார்கள். அந்தப் பணத்தின் பெரும்பகுதி போக வேண்டிய அவசியமே இல்லாதது. காரணம் எளிது: ஏ.சி. கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்கிற பொருள் அல்ல. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றுவது கார்க்காரருக்கும் நஷ்டம், காருக்கும் நஷ்டம், காற்று மண்டலத்துக்கும் நஷ்டம்.

ரயில் இல்லாத ஊரும் பழைய கார்களும்

கோரைப் பாய்க்குப் பேர்போன வந்தவாசியும், பட்டுக்குப் பேர்போன ஆரணியும் திருவண்ணாமலை மாவட்டத்தின் இரண்டு நெசவு ஊர்கள். நெய்த பட்டுப் புடவையைக் காஞ்சிபுரத்துக்கோ சென்னைக்கோ கொண்டுபோக வேண்டும். நோயாளி என்றால் வேலூர், சென்னை. கல்யாணம், காதுகுத்து, கிரிவலம் எல்லாவற்றுக்கும் சாலைதான் வழி. வந்தவாசிக்கு ரயில் கிடையாது. இந்த ஊர் வழியாகப் போக வேண்டிய திண்டிவனம் – நகரி புதிய ரயில் பாதைக்கு 2006-07லேயே ஒப்புதல் கிடைத்தும், ரயில் இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே கார் இங்கே அந்தஸ்துக்கான பொருளாக இருப்பதைவிடத் தேவைக்கான பொருளாக இருக்கிறது. புதிய கார் வாங்க முடியாத குடும்பங்கள் பத்து, பதினைந்து வயதுக் கார்களை வாங்குகின்றன. மாருதி 800இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அம்பாசடர் அதே ஆண்டு மே மாதம் நின்றது. பக்கத்து மறைமலை நகரில் கார் தயாரித்த ஃபோர்டு, இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. தயாரிப்பு நின்ற கார்களும் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் ஏ.சி. உதிரிபாகம் தேடுவது தனி அலைச்சல்.

வெயிலும் பழைய கணக்கில் இல்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. கடலில்லாத வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் 40 டிகிரி என்பது கோடையின் அன்றாடச் செய்தி. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. அப்படிப்பட்ட வெயிலில், இரும்புக் கூட்டுக்குள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து போகிற முதியவருக்கும் குழந்தைக்கும் ஏ.சி. உடல்நலம் சார்ந்த தேவை.

குளிர் எங்கிருந்து வருகிறது?

ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, காருக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. மண்பானையின் புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது பானைத் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறதல்லவா, அதே இயற்கை விதிதான். பானையில் நீர் செய்வதைக் காரில் ஆர்-134ஏ என்ற வாயு செய்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் திரவம் அது.

இன்ஜின் பெல்ட்டால் சுற்றும் கம்ப்ரசர் வாயுவை அழுத்துகிறது. அழுந்திச் சூடேறிய வாயு, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சருக்குப் போய்ச் சூட்டை வெளிக்காற்றில் விட்டுத் திரவமாகிறது. ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரைக் கடந்து, எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியாகப் பீய்ச்சப்படுகிறது. அப்போது அழுத்தம் சட்டென்று குறைய, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் திரவம் கொதித்து ஆவியாகிறது. காயில் ஜில்லிட, பிளோயர் அதன் மேல் காற்றை அடிக்கிறது. ஆவியான வாயு மறுபடி கம்ப்ரசருக்கே திரும்புகிறது.

இது மூடிய சுற்று. உள்ளே இருப்பது உள்ளேயே சுற்ற வேண்டும். சிறிய கார்களில் மொத்தமே அரைக் கிலோவை ஒட்டித்தான் வாயு இருக்கும். எத்தனை கிராம் என்பதைத் தயாரிப்பாளரே பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்.

பெட்டிச் செய்தி 1: பாக்கார்டு முதல் இன்று வரை

• தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்தித் தரப்பட்ட முதல் கார் அமெரிக்காவின் பாக்கார்டு. அறிமுகமான ஆண்டு 1939. கருவி டிக்கியின் பாதியை அடைத்துக்கொண்டது. நிறுத்த சுவிட்ச் கிடையாது. இன்ஜினை அணைத்து, பானட்டைத் திறந்து கம்ப்ரசர் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.

• பழைய கார்களில் இருந்தது ஆர்-12 என்ற வாயு. அது ஓசோன் படலத்தை அரிப்பது தெரிந்து, 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் உருவானது. இந்தியா 1992இல் சேர்ந்தது. 2003 ஜனவரி 1 முதல் புதிய கார் ஏ.சி.களில் இந்த வகை வாயு தடை செய்யப்பட்டது. 2008 ஆகஸ்டில் இந்தியாவில் அதன் உற்பத்தியே நின்றது.

• அடுத்து வந்தது ஆர்-134ஏ. ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடேற்றும் திறன் கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு.

• ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் ஆர்-134ஏவுக்கும் தடை. அங்கே பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப் பயன்படுகிறது.

ஓட்டை எங்கே?

பழைய காரில் வாயு கசியும் இடங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். குழாய் இணைப்புகளில் இருக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கலாம். முன்பக்கக் கண்டன்சரில் சாலைக் கல் தெறித்து ஊசித் துளை விழுந்திருக்கலாம். கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் தேய்ந்திருக்கலாம். கேஸ் ஏற்றும் வாயில் இருக்கும் சின்ன வால்வு இறுகாமல் போயிருக்கலாம். மிகச் செலவு வைப்பது கூலிங் காயில் கசிவு. டேஷ்போர்டு முழுவதையும் இறக்கினால்தான் கை எட்டும்.

கசிந்த இடத்தைக் காட்டிக்கொடுப்பது எண்ணெய்ப் பிசுக்கு. கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் வாயுவோடு கலந்தே சுற்றுகிறது. எங்கே வாயு வெளியேறுகிறதோ அங்கே எண்ணெயும் கசிந்து, தூசி ஒட்டிக் கறுப்பாகப் படிந்திருக்கும். கவனமான மெக்கானிக் முதலில் டார்ச் அடித்து இதைத்தான் தேடுவார். பிறகு நைட்ரஜனை அழுத்தி ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார், அல்லது ஒளிரும் சாயத்தைச் செலுத்தி அல்ட்ரா வயலட் விளக்கில் பார்ப்பார்.

பல ஆண்டுகள் ஓடும் காரில் ரப்பர் குழாய், சீல் வழியாக மிகச் சிறிதளவு வாயு குறைவது இயல்பு. அதனால் ஐந்தாறு ஆண்டுக்குப் பிறகு குளிர் கொஞ்சம் மங்கலாம். ஒரே கோடையில் மொத்தமும் போவது இயல்பு அல்ல.

ஓட்டையோடு கேஸ் ஏற்றுவதால் வரும் உண்மையான செலவு பிறகுதான் தெரியும். கசிவில் எண்ணெயும் போய்விடுகிறது. அதை யாரும் அளந்து திரும்ப ஊற்றுவதில்லை. எண்ணெய் வற்றிய கம்ப்ரசர் உராய்ந்து, உலோகத் தூள் சுற்று முழுவதும் பரவி, கண்டன்சரையும் வால்வையும் அடைக்கிறது. சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய ஓ ரிங் வேலை, பல ஆயிரங்களை விழுங்கும் கம்ப்ரசர் வேலையாக முடிகிறது. காரின் விலையில் கணிசமான பங்கை ஒரே பில்லில் இழக்கும் குடும்பங்கள் கடைசியில் ஏ.சி.யே வேண்டாம் என்று விட்டுவிடுகின்றன.

இன்னொரு தவறும் சேர்ந்துகொள்கிறது. கேஸ் ஏற்றும் முன் சுற்றுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் போட்டு இழுக்க வேண்டும். குறைந்தது அரை மணி நேரமாவது அது ஓட வேண்டும். அவசரத்தில் ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால், மிஞ்சிய ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கிறது. எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே குழாயை அரிக்கிறது.

மீட்டரை மட்டும் பார்த்து ஏற்றுவதும் ஆபத்துதான். நிறுத்தியிருக்கும் காரில் 35 டிகிரி வெப்பத்தில் அழுத்தம் சுமார் 115 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான் காட்டும். எடை போட்டு ஏற்றினால்தான் கணக்கு சரியாகும். வாயு அதிகமானாலும் குளிர் குறையும், அழுத்தம் எகிறும், கம்ப்ரசர் கட் ஆகும். அப்போதும் "இன்னும் கொஞ்சம் கேஸ் போடணும்" என்றால் நிலைமை இன்னும் கெடும்.

காலையில் குளிரும், மதியம் காயும்

பழைய கார் ஏ.சி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ஓட்டுகிறவர்கள் அதைச் சரியாகவே கவனித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கவனிப்பை மெக்கானிக்கிடம் விவரமாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

"பைபாஸ்ல போனா ஜில்லுன்னு இருக்கு, ஆரணி பஸ் ஸ்டாண்டு கிட்ட நின்னா அனலடிக்குது" என்றால், கேஸைவிட முதலில் சந்தேகப்பட வேண்டியது முன்பக்க ஃபேன். ஓடும்போது எதிர்காற்றே கண்டன்சரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஃபேன் மோட்டார் மந்தமானாலோ, ரிலே போயிருந்தாலோ, கண்டன்சர் மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தாலோ சூடு வெளியே போகாது. பல கார்களில் கண்டன்சரைத் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்ததுமே குளிர் திரும்பிவிடும்.

காலையில் நன்றாக வேலை செய்து, உச்சி வெயிலில் சட்டென்று நின்று, மாலையில் தானாகவே திரும்பி வரும் ஏ.சி. உண்டு. இதில் குற்றவாளி பெரும்பாலும் மேக்னடிக் கிளட்ச். கம்ப்ரசரின் முன்தட்டை மின்காந்தம் இழுத்துப் பிடித்தால்தான் அது சுற்றும். தேய்ந்த தட்டுக்கும் புல்லிக்கும் இடையே இடைவெளி கூடிவிடும். மின்காந்தத்தின் காயில் சூடாகும்போது காந்தத்தின் பிடிப்பும் தளரும். இரண்டும் சேரும் நேரம் மதியம். இந்த இடைவெளியைச் சரிசெய்தாலே தீரக்கூடிய காரில் புதுக் கம்ப்ரசர் மாட்டப்படுவது நடக்கிறது.

அரை மணி நேரம் குளிர்ந்துவிட்டு, பிறகு காற்றே குறைந்துபோனால் கூலிங் காயிலில் பனி உறைந்திருக்கிறது என்று பொருள். வெப்பநிலையைக் கண்காணித்துக் கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய சென்சார் பழுதாகியிருக்கும். ஏ.சி.யை அணைத்து பிளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓட விட்டால் காற்று திரும்பும். அது தற்காலிக வழி. சென்சாரை மாற்றுவதே தீர்வு.

வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பலர் பயப்படுகிறார்கள். அது காற்றிலிருந்து பிரிந்த ஈரம், ஏ.சி. நன்றாக வேலை செய்வதன் அடையாளம். அதே தண்ணீர் முன்சீட்டுக்காரரின் காலடி மிதியடியை நனைத்தால், வடிகுழாய் அடைத்திருக்கிறது. நாள்பட விட்டால் தரைத் தகடு துருப்பிடிக்கும், பூஞ்சை வாடை கிளம்பும்.

எலியை மறக்க முடியாது. களத்துமேட்டையும் வைக்கோல் போரையும் ஒட்டி நிற்கும் கார்களில் ஒயரைக் கடித்து, ஏ.சி. ஃபில்டருக்குள் கூடு கட்டிவிடும். பிளோயர் முழு வேகத்தில் ஓடியும் காற்று வரவில்லை என்றால், டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஃபில்டரை ஒருமுறை உருவிப் பார்ப்பதே முதல் வேலை.

பெட்டிச் செய்தி 2: அறிகுறி சொல்லும் காரணம்

• பிளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறது – ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. கேஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

• ஒரு பக்கம் ஜில், மறுபக்கம் வெதுவெதுப்பு – வாயு குறைவு, அல்லது உள்ளே காற்றைத் திருப்பும் தடுப்பு சிக்கியிருக்கிறது.

• டேஷ்போர்டுக்குள் 'டக் டக்' சத்தம் – அந்தத் தடுப்பை இயக்கும் சிறு மோட்டாரின் பல் உடைந்திருக்கலாம்.

• ஏ.சி. போட்டதும் 'கிறீச்' – பெல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது கம்ப்ரசர் இறுகத் தொடங்கியிருக்கிறது.

• இனிப்பு வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம் – ஹீட்டரில் கூலன்ட் கசிவு. உடனே பார்க்க வேண்டும்.

• ஈர வாடை – கூலிங் காயிலில் பூஞ்சை. பயணம் முடியும் முன் ஏ.சி.யை அணைத்து பிளோயரை மட்டும் சில நிமிடம் ஓட விட்டால் காயில் உலர்ந்து, வாடை குறையும்.

ஏ.சி. போட்டால் இன்ஜின் சூடாவது ஏன்?

பல பழைய கார்களில் ஏ.சி. போட்ட பத்தாவது நிமிடம் டெம்பரேச்சர் முள் மேலேறும். கம்ப்ரசர் இன்ஜினுக்குக் கூடுதல் சுமை. கண்டன்சர் கக்கும் சூட்டையும் பின்னால் இருக்கும் ரேடியேட்டர்தான் சமாளிக்க வேண்டும். நல்ல ரேடியேட்டருக்கு இது பெரிய காரியமல்ல. அடைத்துப்போன ரேடியேட்டர் தோற்றுவிடும்.

அடைப்பின் பின்னணியில் பெரும்பாலும் இருப்பது போர் தண்ணீர். கூலன்ட் விலை அதிகம் என்று, குழாயில் பிடித்த உப்புத் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. கொதிக்கும் பாத்திரத்தில் படிகிற வெள்ளை உப்பு, ரேடியேட்டரின் குறுகிய குழாய்களிலும் படிகிறது. வெறும் தண்ணீர் துருவையும் சேர்க்கிறது. சூடு ஏறுகிறது என்று சில இடங்களில் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அதனால் ரேடியேட்டர் அடைப்பு மறைகிறதே தவிரத் தீர்வதில்லை. இன்ஜின் சரியான வெப்பத்துக்கு வராமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கிறது.

மூடியும் முக்கியம். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால்தான் நீரின் கொதிநிலை 100 டிகிரிக்கு மேல் உயர்கிறது. அதன் ரப்பர் தளர்ந்துவிட்டால் கூலன்ட் முன்னதாகவே கொதித்து வெளியேறும். சூடான இன்ஜினில் அந்த மூடியைத் திறந்து முகம், கை வெந்துபோனவர்கள் உண்டு. முள் சிவப்புக்குப் போனால் ஏ.சி.யை அணைத்து, ஓரங்கட்டி, இன்ஜின் நன்றாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும். அப்படியே ஓட்டிக்கொண்டு போனால் ஹெட் கேஸ்கட் போகும்; பழைய கார் பல நேரம் அதோடு இரும்புக் கடைக்குப் போய்விடும்.

நிற்கும் காரின் ஆபத்து

ஏ.சி. பேச்சில் உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள் உண்டு. இரண்டும் நின்றிருக்கும் காரில் நடப்பவை.

2005இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு, வெளியே 22 டிகிரி வெப்பமே இருக்கும் நாளிலும் வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரியை எட்டலாம் என்று காட்டியது. அதில் எண்பது சதவீத உயர்வு முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. நம் ஊரில் வெளியே 40 டிகிரி இருக்கும் நாளில் உள்ளே என்ன ஆகும் என்பதை யூகித்துக்கொள்ளலாம். 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தி வைத்திருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று சிறு குழந்தைகள் கதவைத் திறக்க முடியாமல் இறந்துபோனார்கள். ஓடாத பழைய காரை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருப்பவர்கள் கதவைப் பூட்டிச் சாவியை எட்டாத இடத்தில் வைப்பது கட்டாயம்.

இரண்டாவது, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே தூங்குவது. ஆஸ்பத்திரி வாசலிலும் கல்யாண மண்டப வாசலிலும் இரவெல்லாம் காத்திருக்கும் டிரைவர்களுக்கு இது பழக்கம். துருப்பிடித்த சைலன்சர் குழாய் கசிந்தால், நிறமும் வாடையும் இல்லாத கார்பன் மோனாக்சைடு காருக்குள் வருகிறது. மூடிய ஷெட்டுக்குள் நின்றால் ஆபத்து பன்மடங்கு. தூக்கத்தில் இருப்பவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. தூங்க வேண்டுமானால் இன்ஜினை நிறுத்தி, நிழலில் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தூங்குவதே பாதுகாப்பு.

வண்டி ஓட்டுகிறவரின் உடல்நிலையை அரசும் இப்போது கணக்கில் எடுக்கிறது. புதிய நடுத்தர, கனரக லாரிகளின் டிரைவர் கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும் என்ற விதிக்கு மத்திய அரசு குறித்த நாள் 2025 அக்டோபர் 1. பழைய வாடகைக் கார் டிரைவருக்கு அப்படி ஒரு விதி கிடையாது. பழுது பார்ப்பது அவர் கைக்காசில்தான்.

சிலிண்டருக்குள் இருப்பது என்ன?

கேஸ் விலை ஏற ஏற, போலி வாயுவும் வருகிறது. ஆர்-134ஏ என்று லேபிள் ஒட்டிய சிலிண்டரில் வேறு வாயு கலந்திருந்தால் மீட்டரில் உடனே தெரியாது. இதன் கொடூர முகத்தை உலகம் 2011இல் பார்த்தது. குளிர்பதனக் கப்பல் கன்டெய்னர்களில் மெத்தில் குளோரைடு கலந்த போலி வாயு ஏற்றப்பட்டிருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் சேர்மமாக மாறியது. வியட்நாமிலும் பிரேசிலிலும் கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். கார் ஏ.சி.யின் கண்டன்சரும் அலுமினியம்தான்.

சமையல் கேஸை ஏ.சி.யில் ஏற்றினாலும் குளிரும் என்பது பலருக்குத் தெரியும். குளிரும் என்பது உண்மை. ஆனால் கசியும் கூலிங் காயில் காருக்குள் இருக்கிறது. எளிதில் தீப்பற்றும் வாயு அங்கே சேர்ந்து, ஒரு சுவிட்சில் பொறி பறந்தால் போதும். வாயு வாங்கிய சிலிண்டரைக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை கார்க்காரருக்கு உண்டு. தயங்காமல் கேட்க வேண்டும்.

வானத்துக்குப் போகும் அரைக் கிலோ

ஒரு சிறிய காரில் 450 கிராம் ஆர்-134ஏ இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது முழுவதும் கசிந்தால், பூமியைச் சூடேற்றுவதில் சுமார் 640 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். அதாவது ஒருமுறை கேஸ் முழுவதும் கசிவது, ஏறக்குறைய 280 லிட்டர் பெட்ரோல் எரிப்பதற்குச் சமம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் அந்தப் பெட்ரோலைப் போட்டு, வந்தவாசியிலிருந்து கன்னியாகுமரிக்கு மூன்று முறை போய்த் திரும்பலாம். வருடா வருடம் ஓட்டைக் காரில் கேஸ் ஏற்றுகிறவர், வருடா வருடம் இந்தப் பயணத்தைக் கூடுதலாகச் செய்கிறார். வெயில் ஏறுவதற்கான காரணங்களில் ஒன்றாக, வெயிலிலிருந்து தப்பிக்கும் நம் வழியே மாறிவிடுகிறது.

இந்த வாயுக்களைக் குறைப்பதற்காக 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் உலக நாடுகள் உடன்பட்டன. இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 2028இல் இந்த வகை வாயுக்களின் பயன்பாடு உச்சவரம்பைத் தொட்டு நிற்க வேண்டும். 2032 முதல் படிப்படியாகக் குறைந்து, 2047இல் 85 சதவீதம் குறைய வேண்டும். ஆர்-12 கார்களுக்கு நேர்ந்ததை இப்போதைய கார்களும் சந்திக்கும். வாயு கிடைப்பது குறையும்போது, ஓட்டையை அடைக்காமல் ஏற்றும் பழக்கம் பழைய கார் குடும்பங்களுக்கு இன்னும் கட்டுப்படியாகாததாகிவிடும்.

பெட்டிச் செய்தி 3: பழைய கார் வாங்கும் முன் ஏ.சி. சோதனை

• மதிய வெயிலில் போய்ப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு எல்லா ஏ.சி.யும் குளிரும்.

• இன்ஜினை ஐடிலில் விட்டு, நிறுத்திய இடத்திலேயே பதினைந்து நிமிடம் ஏ.சி.யை ஓட விடுங்கள். அப்போதும் குளிர் நிற்கிறதா, டெம்பரேச்சர் முள் நகர்கிறதா என்று பாருங்கள்.

• ஏ.சி. போட்டதும் கம்ப்ரசரில் 'டக்' சத்தமும், இன்ஜின் ஓட்டத்தில் சிறு மாற்றமும் தெரிய வேண்டும். முன்பக்க ஃபேன் ஓட வேண்டும்.

• பிளோயரின் எல்லா வேகத்தையும், எல்லாத் திசையையும் போட்டுப் பாருங்கள்.

• குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, முன்சீட்டுக்கு அடியில் மிதியடி ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

• ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சை, சிவப்பு அல்லது நீல நிறக் கூலன்ட் இருந்தால் நல்லது. துருத் தண்ணீர் இருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

• "கேஸ் மட்டும் போட்டா போதும், மத்தபடி ஓகே" என்று புரோக்கர் சொன்னால், அந்த கேஸை அவரையே போட்டுத் தரச் சொல்லி ஒரு வாரம் கழித்து வாருங்கள்.

மெக்கானிக் கையில் என்ன இருக்கிறது?

இந்தக் கதையில் சாலையோர மெக்கானிக்கைக் குற்றவாளியாக நிறுத்துவது நியாயமாகாது. ஓட்டையைத் தேட அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்குக் கூலி கொடுக்க வாடிக்கையாளர் தயாராக இருப்பதில்லை. "சீக்கிரம் கேஸ் போட்டு விடுங்கணா, முகூர்த்தத்துக்குப் போகணும்" என்றுதான் நிற்கிறார். வாயுவை வெளியே விடாமல் உறிஞ்சிச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றும் ரெகவரி மெஷின், கசிவைக் கண்டுபிடிக்கும் மின்னணுக் கருவி, டிஜிட்டல் தராசு எல்லாம் வாங்கச் சிறிய ஒர்க்‌ஷாப்புக்கு முதல் வேண்டும். இப்போது பெரும்பாலான இடங்களில் மிச்ச வாயு அப்படியே காற்றில் திறந்து விடப்படுகிறது.

மத்திய அரசு 2019 மார்ச்சில் வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், குளிர்சாதனப் பழுதுபார்ப்புத் துறையில் 2022-23க்குள் ஒரு லட்சம் தொழில்நுட்பர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதை இலக்காக வைத்தது. அந்தப் பயிற்சி மாநகரங்களோடு நின்றுவிடாமல் வந்தவாசி, செய்யாறு, சேத்துப்பட்டு போன்ற ஊர்களின் ஒர்க்‌ஷாப் வரை வர வேண்டும். ஐ.டி.ஐ.க்களில் குளிர்சாதனப் பிரிவும் மோட்டார் வாகனப் பிரிவும் தனித்தனியாக இருக்கின்றன. கார் ஏ.சி. மெக்கானிக்குக் குளிர்ப்பதனமும் தெரிய வேண்டும், காரின் ஒயரிங்கும் தெரிய வேண்டும். ஒரு வட்டாரத்துக்கு ஒரு ரெகவரி மெஷினாவது கூட்டாக வாங்கி மாறி மாறிப் பயன்படுத்தக் கடனுதவி கிடைத்தால், நாலைந்து ஒர்க்‌ஷாப்புகளுக்கு அது போதும்.

கார் வைத்திருப்பவர் செய்யக்கூடியதும் இருக்கிறது. மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓட விட்டால், எண்ணெய் சுற்றி ஷாஃப்ட் சீல் காயாமல் இருக்கும். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டுக் காற்றை வெளியேற்றிவிட்டு ஏ.சி. போட்டால் கம்ப்ரசர் சுமை குறையும். குளிர்ந்த பிறகு உள்காற்றுச் சுழற்சி முறையில் ஓட்டலாம். நீண்ட பயணத்தில் அவ்வப்போது வெளிக்காற்றையும் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் மூச்சுக்காற்று சேர்ந்து தூக்கம் தள்ளும். கண்டன்சரைக் கோடைக்கு முன் ஒருமுறை கழுவ வேண்டும். ரேடியேட்டரில் கூலன்ட் மட்டுமே ஊற்ற வேண்டும்.

அடுத்த முறை ஏ.சி. வேலைக்குக் காரை விடும்போது, பில்லில் மூன்று வரிகளை எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்: கசிவு எந்த இடத்தில் இருந்தது, வேக்குவம் எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனை கிராம் வாயு ஏறியது. முதல் வரி காலியாக இருந்தால், கேஸ் ஏற்றும் முன்பே வேலையை நிறுத்திவிட்டு ஓட்டையைத் தேடச் சொல்லலாம். தேடுவதற்கான கூலியையும் தந்துவிடலாம்.